பூச்சி வளர்ச்சியில் ஹார்மோனும் உயிரணு இறப்பும்

களக்காட்டு மலைகள் அடங்கிய மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலும் இலங்கையிலும் காணப்படும் அட்டாகஸ் டாப்ரோபானிஸ் என்னும் பேரந்துப்பூச்சிக்கு இரை உண்ணும் வாய் கிடையாது. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பில்தான் அதன் சில நாள் இறக்கை வாழ்வு நடக்கிறது. அதற்கு முன்பே, புழுவுக்கு உதவிய பட்டுச் சுரப்பியும் குடல் படலமும் தசைகளில் பலவும் கூட்டுக்குள் அழிந்துவிடுகின்றன. இந்த அழிவுக்கு எக்டைசோன் ஹார்மோனே காரணம் என்று பாடநூல்கள் சுருக்கிவிடுவது பாதி உண்மைதான். ஹார்மோன் காலத்தை மட்டுமே அறிவிக்கிறது. அதைக் கேட்டுச் சாவதா வளர்வதா என்பது ஒவ்வோர் உயிரணுவும் அதற்குள் அடைந்திருக்கும் நிலையைப் பொறுத்தது.

1954இல் பூட்டனான்ட்டும் கார்ல்சனும் ஏறத்தாழ 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களிலிருந்து வெறும் 25 மில்லிகிராம் எக்டைசோனைப் பிரித்தார்கள். உடலில் இது 20-ஹைட்ராக்சி எக்டைசோனாக மாறிய பிறகே முழு வேகத்தில் வேலை செய்கிறது. பழ ஈயின் கூட்டுப்புழுவில் இதன் அளவு ஏறும்போது ரீப்பர், ஹிட் என்னும் மரபணுக்கள் விழிக்கின்றன. அவை டயாப்1 என்ற காப்புப் புரதத்தைச் செயலிழக்கச் செய்ய, கேஸ்பேஸ் நொதிகள் கட்டவிழ்ந்து உமிழ்நீர்ச் சுரப்பி அழிகிறது. புகையிலைக் கொம்புப்புழுவின் அந்துப்பூச்சியில் நடப்பது நேரெதிர். அங்கே ஹார்மோன் இறங்கியபின்தான் வயிற்றுக் கண்டங்களுக்கு இடையிலுள்ள தசைகள் சாகின்றன. அந்த நேரத்தில் ஹார்மோனை ஊசியில் ஏற்றினால் சாவு தள்ளிப்போகிறது. இதே ஹார்மோன்தான் இறக்கைக்கான மொட்டுகளை வளர்க்கவும் செய்கிறது. ஆனால் இளம்பருவ ஹார்மோன் என்ற மற்றொரு ஹார்மோன் உடனிருக்கும் வரையில் புழு தோலுரித்து மறுபடியும் புழுவாகவே தொடர்கிறது. ஒரே பொருள் ஏறியும் கொல்கிறது, இறங்கியும் கொல்கிறது என்றால், கொலைக்கான ஆணை அந்தப் பொருளுக்குள் எழுதப்பட்டிருக்க முடியாது.

பூச்சி கூட்டைவிட்டு வந்தபின் வேலையற்றுப்போன தசை தானே தேய்கிறது, இதில் திட்டம் எங்கே என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. 1964–65இல் லாக்‌ஷினும் வில்லியம்சும், மேற்சொன்ன பேரந்துப்பூச்சியின் குடும்பத்தைச் சேர்ந்த பட்டு அந்துப்பூச்சிகளை ஆராய்ந்து, திட்டமிட்ட உயிரணு இறப்பு என்ற கருத்தை முன்வைத்தார்கள். தசைக்குச் செல்லும் நரம்பை மின்னால் தூண்டிக்கொண்டே இருந்தால் தசை பிழைப்பதையும் அவர்களே கண்டார்கள். ஆயினும் ஆர்என்ஏ, புரத உருவாக்கத்தை மருந்தால் தடுத்தாலும் தசை சாவதில்லை. சாவதற்கு அந்த உயிரணு புதிய புரதங்களை உண்டாக்கியே ஆக வேண்டும் என்பதால், இதை வெறும் தேய்வு என்று ஒதுக்க இயலாது. ஆய்வகத்து இனங்களில் கண்டதை மற்ற அந்துப்பூச்சிகளுக்கும் பொருத்தலாமா என்பது அடுத்த ஐயம். எக்டைசோன் ஏற்பியைப் பற்றிக்கொள்ளும் டெபுஃபெனோசைடு என்ற பூச்சிக்கொல்லி, வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த அந்துப்பூச்சிப் புழுக்களையும் காலத்துக்கு முன்பே தோலுரிக்க வைத்து, உண்ணவிடாமல் மாய்க்கிறது. ஹார்மோனைக் கேட்கும் ஏற்பி இவை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதன்பின் எந்தத் திசு எப்போது அழியும் என்பதை இனந்தோறும் தனித்தனியே ஆராய்ந்துதான் அறிய வேண்டும்.