எழுத்து தேர்ந்த அறிகுறிகள்: லைக்கன் பிளேனஸும் ஆறு ‘பி’க்களும்

அழற்சித் தோல் நோய்களைப் படிக்கும் மருத்துவ மாணவர்கள் தொடக்கத்திலேயே மனப்பாடம் செய்யும் குறிப்புகளுள் ஒன்று, லைக்கன் பிளேனஸுக்கான ஆறு ‘பி’. பர்ப்பிள், பாலிகனல், பிளானர், புரூரிட்டிக், பாப்யூல், பிளேக். அதாவது ஊதா நிறம், பலகோண வடிவம், தட்டையான மேற்பரப்பு, அரிப்பு, சிறு புடைப்பு, அகன்ற திட்டு. எராஸ்மஸ் வில்சன் 1869இல் பெயரிட்டு விவரித்த இந்நோய், தோல் மருத்துவர் அல்லாதோர் நினைவிலும் தங்கியிருப்பதற்கு இக்குறிப்புக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் தேர்வறையில் நோயை நினைவுகூர்வது ஒன்று; எதிரே அமர்ந்திருக்கும் நோயாளியின் தோலில் அதைப் பிரித்தறிவது மற்றொன்று. இரண்டாவதற்கு ஆறு ‘பி’ போதாது என்பதும், கருநிறத் தோலில் அது வழிதவறவும் வைக்கும் என்பதுமே இக்கட்டுரையின் வாதம்.

இந்த ஆறும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் பட்டியலில் இடம்பெற்றவை; நோயைப் பிரித்துக் காட்டும் வலுவால் அல்ல. அரிப்பு சிரங்கிலும் எக்ஸிமாவிலும் உண்டு. திட்டு சொரியாசிஸின் முதன்மை அடையாளம். சிறு புடைப்போ எண்ணற்ற நோய்களுக்குப் பொது. உண்மையில் சுமையைத் தாங்குபவை பலகோண வடிவமும் தட்டையான மேற்பரப்பும்தான். மணிக்கட்டின் உட்புறத்தில் விளக்கொளியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், புடைப்பின் தட்டையான உச்சி பளபளக்கும். அதன்மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு உருப்பெருக்கியால் பார்த்தால் மெல்லிய வெண்கோடுகள் வலைபோல் புலப்படும். லூயி விக்கம் 1895இல் விவரித்த இக்கோடுகள் இந்நோய்க்கே உரிய சான்றுக்கு மிக நெருங்கியவை. ஆனால் அவர் பெயர் ‘பி’யில் தொடங்கவில்லை, ஆகவே பட்டியலில் இடமில்லை. சொறிந்த கோட்டிலேயே புதுப் புடைப்புகள் வரிசைகட்டும் கோப்னர் நிகழ்வுக்கும், கன்னத்தின் உட்புறத்தில் தோன்றும் வெண்பின்னலுக்கும் அதே கதிதான்.

நிறத்தின் சிக்கல் இன்னும் ஆழமானது. ஊதா என்பது வெளிர்தோலில் கண்ட நிறம். நம் நோயாளிகள் பலரிடம் அதே புடைப்பு கரும்பழுப்பாகவோ சாம்பல் கலந்த கருமையாகவோ தெரியும். புடைப்பு அடங்கிய பின்னும் கறை பல மாதங்கள் நிற்கும். ஊதாவைத் தேடிப் பழகிய கண் அதை வெறும் தழும்பு என்று கடந்துபோகிறது. அழற்சியின் சிவப்புக்கும் இதே நிலைதான். லண்டன் மருத்துவ மாணவர் மலோன் முக்வெண்டே தம் ஆசிரியர்களுடன் சேர்ந்து, கருநிறத் தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று காட்டும் கையேட்டை 2020இல் வெளியிட்டார். அந்த அக்கறை நம் பாடத்திட்டத்துக்கு இன்னும் கூடுதலாகவே தேவை.

மாற்று வழிக்கு முன்மாதிரி திசுநோயியலில் இருக்கிறது. பெர்னார்ட் ஆக்கர்மன் 1978இல் வெளியிட்ட நூலில், அழற்சித் தோல் நோய்களை நுண்ணோக்கியின் குறைந்த பெருக்கத்தில் தெரியும் அமைப்புகளாகப் பகுத்து, அங்கிருந்து படிப்படியாக நோய்க்கு இறங்கினார். அங்கே நினைவில் நிற்பது நோய்ப் பெயருக்குரிய பட்டியல் அன்று, பார்க்கும் வரிசை. படுக்கையருகிலும் அவ்வரிசையைக் கொண்டுவர முடியும்: முதலில் இடம், பிறகு வடிவம், மேற்பரப்பு, வாய், நகம், நிறம் கடைசியில். வாயைத் திறந்து பார்க்கும்போது வெற்றிலை பாக்குப் பழக்கத்தையும் கேட்க வேண்டும். தாம்பூலத்தை அடக்கிவைக்கும் இடத்தில் லைக்கன் பிளேனஸின் வெண்பின்னலை ஒத்த கோடுகள் வருவதுண்டு. இரத்த அழுத்தத்துக்கான தயசைடு, மலேரியா மருந்துகள் போன்றவையும் இதே தோற்றத்தை உண்டாக்கும் என்பதால் மருந்துச்சீட்டையும் வாங்கிப் பார்க்க வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நெரிசலான புறநோயாளிப் பிரிவில் இவ்வளவுக்கும் நேரமேது என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் மணிக்கட்டையும் வாயையும் பார்க்க ஒரு நிமிடமே போதும். அரிப்பே இல்லாமல் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் புடைப்புகள் இருந்தால், லைக்கன் பிளேனஸ் என்று எழுதுமுன் இரண்டாம் நிலை சிபிலிஸுக்கான இரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ஆறு ‘பி’யில் எந்த எழுத்தும் இதை நினைவூட்டுவதில்லை.