கழுத்துத் தமனிச் சுவரின் தடிமன்: ஓர் அளவீட்டின் வரலாறு

1953இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஒரு கட்டுரை மருத்துவ உலகை உலுக்கியது. கொரியப் போரில் உயிரிழந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை எனோஸ், ஹோம்ஸ், பேயர் ஆகிய மூவர் ஆராய்ந்திருந்தார்கள். வீரர்களின் சராசரி வயது 22தான். ஆனால், 77 சதவீதத்துக்கும் மேற்பட்டோரின் இதயத் தமனிகளில் நோயின் தடயம் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. ஐம்பது வயதில் வரும் மாரடைப்புக்கு இருபதிலேயே அடித்தளம் விழுந்துவிடுகிறது என்பது புலனாயிற்று.

பிரேதப் பரிசோதனையில் தெரிவதை உயிரோடு இருப்பவரிடம் எப்படிக் காண்பது? ஆஞ்சியோகிராம் ரத்தம் ஓடும் பாதையைத்தான் காட்டும், சுவரைக் காட்டாது. நோயோ சுவருக்குள் தொடங்குகிறது. சுவரில் கொழுப்பு படியப் படியத் தமனி வெளிப்புறமாக விரிந்து கொடுக்கிறது. படிவு கணிசமாக வளரும்வரை பாதை குறுகுவதே இல்லை. சிகாகோவின் சீமோர் கிளகோவ் 1987இல் இதை நிறுவினார்.

அதற்கு முந்தைய ஆண்டே, இத்தாலியின் மிலான் நகரில் பாவ்லோ பிக்னோலியும் அவருடைய சகாக்களும் வேறொரு வழியைத் திறந்திருந்தார்கள். மனிதத் தமனித் துண்டுகளை அவர்கள் முதலில் அல்ட்ராசவுண்டில் படமெடுத்தார்கள். பிறகு அதே துண்டுகளை நுண்ணோக்கியில் அளந்தார்கள். படத்தில் இரண்டு வெண்கோடுகள் இணையாக ஓடின, நடுவே ஒரு கருங்கீற்று. கோடுகளுக்கு இடையிலான தூரமும், தமனியின் உள்ளுறை, நடுவுறை இரண்டும் சேர்ந்த தடிமனும் ஒத்துப்போயின. ஊசி இல்லை, சாயம் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. சுவரையே அளந்துவிட முடிந்தது.

இதற்கு வாகான இடம் கழுத்து. அங்கே கரோட்டிட் தமனி தோலுக்குச் சற்றுக் கீழேயே ஓடுகிறது. பரிசோதனைக்கு வந்தவரை மல்லாக்கப் படுக்கவைத்து, தலையை ஒருபுறம் திருப்பி, கழுத்தில் ஜெல் தடவிக் கருவியை வைப்பார்கள். தமனி இரண்டாகப் பிரியும் இடத்துக்குச் சற்றுக் கீழே, கருவிக்கு அப்பால் உள்ள சுவரில், ஏறத்தாழ 10 மி.மீ. நீளத்துக்கு அளவெடுப்பார்கள். கிடைக்கும் எண் பெரும்பாலோருக்கு ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது.

அந்தச் சிறிய எண் பெரிய செய்திகளைச் சொன்னது. பின்லாந்தின் கூவோபியோ நகரில் சலோனென் தம்பதியர் ஆண்களைத் தொடர்ந்து கண்காணித்தார்கள். சுவர் 0.1 மி.மீ. தடித்தால் மாரடைப்பு அபாயம் 11 சதவீதம் கூடுவதாக 1993இல் எழுதினார்கள். 1999இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று 65 வயதோ அதற்கு மேலோ ஆன 4,476 பேரைப் பற்றியது. மிகத் தடித்த சுவர் கொண்ட பிரிவினருக்கு, மிக மெல்லிய சுவர் கொண்டோரைவிட மாரடைப்போ பக்கவாதமோ வரும் அபாயம் மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. சென்னையில் வி. மோகன் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயாளிகளின் தமனிச் சுவர் மற்றவர்களுடையதைவிடத் தடித்திருந்தது.

2010இல் அமெரிக்க வழிகாட்டுதல்கள், நடுத்தர அபாயம் உள்ளவர்களுக்கு இந்தச் சோதனை செய்வது நியாயமானது என்றன. மூன்றே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது.

காரணம், 2012இல் வந்த ஒரு கூட்டுப் பகுப்பாய்வு. 14 ஆய்வுகள், 45,828 பேர். வயது, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகைப்பழக்கம் ஆகியவற்றை வைத்து மருத்துவர் முன்பே போட்டுவைத்த கணக்கோடு சுவரின் தடிமனைச் சேர்த்தும் கணிப்பு மேம்பட்டது மிகச் சொற்பமே. 2013இன் வழிகாட்டுதல், ஒருவரின் அபாயத்தைக் கணிக்க இதை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றது.

ஏன் இந்தச் சறுக்கல்? கொழுப்பு படிவது உள்ளுறையில். ஆனால், வயதும் உயர் ரத்த அழுத்தமும் நடுவுறையின் தசையையும் தடிக்கச் செய்கின்றன. அல்ட்ராசவுண்ட் படத்தில் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க இயலாது. போதாக்குறைக்கு, 0.1 மி.மீ. வித்தியாசத்தில் தீர்ப்பு மாறும் இடத்தில், அளப்பவரின் கை சற்றே சாய்ந்தாலும் எண் மாறிவிடும். ஆயிரக்கணக்கானோரின் சராசரியில் இந்தப் பிழைகள் கரைந்துபோகும். மருத்துவர் முன் அமர்ந்திருக்கும் ஒருவரின் எண்ணில் அப்படிக் கரைய வழியில்லை. ஆய்வுக்கு உகந்த அளவீடு சிகிச்சை அறைக்குப் போதாமல் போனது இதனால்தான்.

மருந்து ஆய்விலும் சிக்கல் எழுந்தது. எசெட்டிமைப் மருந்து கொலஸ்ட்ராலைக் குறைத்தும் தமனிச் சுவரின் தடிமனில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்று 2008இல் வெளியான ‘என்ஹான்ஸ்’ ஆய்வு காட்டியது. மருந்து வீண் என்ற பேச்சு பரவியது. 18,144 பேரிடம் நடந்த ‘இம்ப்ரூவ்-இட்’ ஆய்வு 2015இல் வெளியானபோது, அதே மருந்து மாரடைப்பையும் பக்கவாதத்தையும் சிறிதளவேனும் குறைப்பது உறுதியானது. சுவரின் தடிமனை மட்டும் நம்பியிருந்தால் பயனுள்ள ஒரு மருந்தைக் கைவிட்டிருப்பார்கள்.

இருந்தாலும் அளவீடு அடியோடு ஒதுக்கப்படவில்லை. 119 சிகிச்சை ஆய்வுகளை ஒன்றாக ஆராய்ந்த 2020ஆம் ஆண்டுக் கட்டுரை, சுவர் தடிப்பதன் வேகம் குறைந்தால் இதயநோய் அபாயமும் குறைகிறது என்று காட்டியது. மருத்துவர்களின் கவனமோ சராசரித் தடிமனிலிருந்து நகர்ந்து, சுவரில் புடைத்து நிற்கும் கொழுப்புப் படிவுகளின் மீது குவிந்திருக்கிறது.

வடக்கு ஸ்வீடனில் 3,500க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ‘விப்விசா’ ஆய்வு இன்னொரு பயனையும் கண்டது. ஒரு பிரிவினருக்கு, அவர்களுடைய கழுத்துத் தமனியின் நிலையை விளக்கும் வண்ணப்படத்தை அனுப்பினார்கள். சில வாரங்களில் செவிலியர் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். மற்றவர்களுக்குப் படம் அனுப்பவில்லை. ஓராண்டு கழித்து, படத்தைப் பார்த்தவர்களின் இதயநோய் அபாய மதிப்பெண் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. எதிர்காலத்தைத் துல்லியமாகக் கணிக்கத் தவறிய அதே ஸ்கேன், மருந்தைத் தவறாமல் உட்கொள்ளவும் பழக்கங்களை மாற்றவும் ஆட்களைத் தூண்டக்கூடும் என்பதை அந்த ஆய்வு முன்வைத்திருக்கிறது.