நின்றுபோன காருக்கு உறுப்புத் தேடி

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பழுதுபார்க்க முற்பட்ட ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவருடைய வண்டி எம்.ஜி. நிறுவனத்தின் டி.சி. என்னும் வகை, 1945 முதல் 1949 வரை இங்கிலாந்தில் சுமார் 10,000 வண்டிகள் இவ்வகையிற் செய்யப்பட்டன. எஞ்சினிலுள்ள போல்ட் ஒன்று முறிந்துவிட்டது. அதன் தலைக்கு ஆங்கிலேயரின் விட்வொர்த் அளவிலுள்ள ஸ்பானர் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆகவே அது விட்வொர்த் போல்ட்டே என்று துணிந்து, அதே தலையளவுள்ள ஒன்றைக் கடையிலிருந்து வாங்கி வருகிறார். ஆனால் அது துளைக்குள் செல்ல மறுக்கிறது. வலிந்து திருகினால் துளையின் மரை அழிந்துவிடும். அளந்து பார்க்கிறார். 8 மில்லிமீட்டர் குறுக்களவு. மரைக்கு மரை 1 மில்லிமீட்டர் இடைவெளி. அங்குலமும் அடியும் கோலோச்சிய நாட்டில் மில்லிமீட்டர் மரை! சரி, 8 மில்லிமீட்டர் போல்ட்டே வாங்கலாம் என்றால், இக்காலத்துச் சாதாரணக் கடையிற் கிடைப்பதன் மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர். அதுவும் பொருந்தாது.

இந்த விந்தைக்கு விடை வரலாற்றில் இருக்கிறது. முதல் உலகப் போரின்போது, ஹாட்ச்கிஸ் என்னும் பிரெஞ்சு ஆயுத நிறுவனம் தன் நாட்டுத் தொழிற்சாலை பகைவர் வசம் சிக்கிவிடக்கூடும் என்று அஞ்சி, இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரில் ஒரு கிளையை நிறுவியது. போர் முடிந்தது, துப்பாக்கிகளுக்குத் தேவை குறைந்தது, கைகளும் பொறிகளும் ஓய்ந்திருந்தன. அவ்வமயம் ஆக்ஸ்ஃபோர்டில் மோட்டார் வண்டிகள் செய்துவந்த வில்லியம் மாரிஸ் என்பார் தம் வண்டிகளுக்கு எஞ்சின் செய்து தருமாறு அத்தொழிற்சாலையை அணுகினார். 1923-ஆம் ஆண்டில் தொழிற்சாலையையே விலைக்கு வாங்கிவிட்டார். அங்கிருந்த பொறிகள் பிரான்ஸ் நாட்டு மரையையே வெட்டின. அவற்றை மாற்றப் பெரும்பொருள் வேண்டும். ஆனால் ஆங்கிலப் பட்டறைக்காரர்களிடம் இருந்த ஸ்பானர்களோ விட்வொர்த் அளவுடையவை. ஆகவே உடலுக்குப் பிரெஞ்சு மரையும் தலைக்கு ஆங்கில அளவும் வைத்துப் போல்ட் செய்தார்கள். அந்தச் சமரசம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எஞ்சினுக்கு எஞ்சின் தொடர்ந்து வந்து, டி.சி. வண்டியிலும் புகுந்துகொண்டது. ஒரு போர் மூண்டதும், ஒரு தொழிற்சாலை கைமாறியதும் விரலளவுள்ள போல்ட்டில் இன்றும் பதிந்திருக்கின்றன. அத்தகைய போல்ட்டுக்களைத் தனியே கடைந்து விற்பவர்கள் இப்பொழுதும் இருக்கிறார்கள்; அவர்களை நாடுவதைத் தவிர வேறு வழியில்லை.

உற்பத்தி நின்றுபோன ஒரு காருக்கு உறுப்புத் தேடுவது என்பது, அந்தக் கார் எவ்வாறு செய்யப்பட்டது என்பதைத் தேடுவதேயாகும். எம்.ஜி. வண்டிகளின் கதை இதனை நன்கு விளக்கும்.

1929 முதல் எம்.ஜி. வண்டிகள் ஆக்ஸ்ஃபோர்டுக்கு அண்மையிலுள்ள ஆபிங்டன் என்னும் சிற்றூரில் உருவாயின. முன்பு தோல் பதனிட்ட கட்டடங்கள் அவை. தொழிற்சாலை என்றவுடன் உருக்கு உலைகளும் பேரிரைச்சலும் நம் நினைவுக்கு வரும். ஆபிங்டன் அப்படிப்பட்டதன்று. அங்கே வண்டிகளைப் பூட்டினார்களேயன்றி உறுப்புக்களைப் பெரும்பாலும் செய்யவில்லை. வண்டியைத் தானே நகர்த்திச் செல்லும் சங்கிலிப்பாதைகூட அங்கே இருந்ததில்லை. ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குத் தொழிலாளரே கையால் தள்ளிச் சென்றனர். எஞ்சின் வேறோர் ஊரிலிருந்து வரும். மின்கருவிகள் பர்மிங்காமின் லூகாஸ் நிறுவனத்திலிருந்து வரும். தகட்டு உடற்கூடு ஸ்விண்டன் நகரிலிருந்து வரும். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆபிங்டன் மூடப்பட்டபோது இதுவே வண்டிகளைக் காப்பாற்றியது.

1962-ஆம் ஆண்டில் எம்.ஜி.பி. என்னும் வண்டி வெளிவந்தது. 1980 வரையில் 5 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. பெரும்பகுதி அமெரிக்காவுக்குச் சென்றது. இதற்கு முந்திய எம்.ஜி.ஏ. வண்டிக்குக் கீழே தனி அடிச்சட்டம் ஒன்று உண்டு. உடற்கூட்டைக் கழற்றி எடுத்தாலும் சட்டம் சக்கரங்களின்மேல் நிற்கும். எம்.ஜி.பி.யிலோ அப்படியொன்று இல்லை. தகடுகளை மடித்து ஒட்டிய கூடே சட்டமாகவும் நின்று பாரம் தாங்குகிறது. அதிலும், மேற்கூரையற்ற வண்டியாதலால், கதவுகளுக்குக் கீழே இரு மருங்கும் ஓடும் பெட்டி போன்ற சட்டங்களே முன்பாதியையும் பின்பாதியையும் இணைத்துப் பிடித்திருக்கின்றன. இங்கிலாந்தில் குளிர்காலத்தில் பனி உறையாதிருக்கச் சாலைகளில் உப்பைத் தூவுவார்கள். உப்பு நீர் அந்தப் பெட்டிக்குள் புகுந்தால் உள்ளிருந்தே துரு தின்னத் தொடங்கும். வெளியே வண்ணம் பளபளக்கும். உள்ளே தகடு இராது. இதைப் புதுப்பிக்க முனைபவர், கதவு வாயிலின் குறுக்கே முதலில் முட்டுக் கொடுக்க வேண்டும். கொடாமல் வெட்டினால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். பிறகு கதவு மூடாது. எஞ்சினைப் பற்றிக் கவலைப்படுவோர் பலர். ஆனால் இவ்வகை வண்டியைக் கொல்வது எஞ்சின் அன்று, துருவேயாம்.

பெயர் ஒன்றாயிருந்தாலும் வண்டி பதினெட்டு ஆண்டுகளும் ஒன்றாயிருக்கவில்லை. 1964-இல் எஞ்சினின் முக்கியத் தண்டைத் தாங்கும் தாங்கிகள் மூன்றிலிருந்து ஐந்தாயின. 1967-இல் பாட்டரியின் இணைப்பே தலைகீழாக்கப்பட்டது. டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது. 1974-இல் அமெரிக்கச் சட்டங்களுக்கு இணங்க, பளபளப்பான பம்பர்கள் நீங்கிக் கருநிற ரப்பர்ப் பம்பர்கள் வந்தன. வண்டியின் உயரமும் கூட்டப்பட்டது. ஆகவே, 'எம்.ஜி.பி.க்கு ஓர் உறுப்பு வேண்டும்' என்று கேட்பவரைக் கடைக்காரர், 'எந்த ஆண்டு? வண்டி எண் என்ன?' என்று திருப்பிக் கேட்பார்.

1980 அக்டோபரில் ஆபிங்டன் மூடப்பட்டது. அதன்பின் நடந்தது இத்தகைய எல்லா வண்டிகளுக்கும் நேர்வதே. முதலிற் சில காலம் கிடங்குகளில் மிஞ்சியிருந்த சரக்கு விற்றது. அது தீரத் தீர, விபத்துக்குள்ளான வண்டிகளை உடைத்து விற்பவர்களிடம் மக்கள் சென்றனர். ஒரு வண்டி இறந்து மற்றொரு வண்டி பிழைத்தது. அடுத்து, சிறு பட்டறைகள் பழைய உறுப்பைப் பார்த்துப் புதிதாகச் செய்யலாயின. இவற்றில் நல்லவையும் உண்டு, அல்லாதவையும் உண்டு. கையிலெடுத்துப் பார்த்தால் பழையதைப் போலவேயிருக்கும். பூட்டினால் துளை நேர்படாது. அல்லது ரப்பர் ஈராண்டில் வெடித்துவிடும். வடிவத்தைப் படியெடுப்பது எளிது. எந்த உலோகம், எவ்வளவு கடினம், எந்த அளவிற்கு இடங்கொடுக்கலாம் என்பனவற்றை உறுப்பு தானே சொல்வதில்லை. அவை வரைபடத்தில் இருந்தன.

தகட்டு உறுப்புக்களோ வரைபடத்தாலும் பிறப்பதில்லை. அவற்றுக்கு அச்சுக்கள் வேண்டும். வார்ப்பிரும்பாலான, டன் கணக்கில் எடையுள்ள இரண்டு பாதிகளுக்கிடையே தகட்டை வைத்துப் பேரழுத்தம் கொடுத்தால் கதவும் மூடியும் உருவாகும். உற்பத்தி நின்றபின் இந்த அச்சுக்கள் வெறும் இரும்பு. இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும்; வாடகை ஏறும்; பழைய இரும்புக்கு விலையும் உண்டு. அவற்றை உருக்க அனுப்பும் கணக்கர் குற்றவாளியல்லர். அவர் தம் கடமையைச் செய்கிறார். ஆயினும் அந்தக் கையெழுத்துக்குப் பிறகு, அந்த வண்டிக்கு இனி அதே கதவு என்றும் கிடையாது.

வட அயர்லாந்தில் டன்மரி என்னுமிடத்தில் 1981, 1982 ஆகிய ஆண்டுகளில் டெலோரியன் என்னும் கார் செய்யப்பட்டது. ஏறக்குறைய 9,000 வண்டிகளோடு நிறுவனம் முறிந்தது. மிஞ்சிய உறுப்புக்கள் கப்பலேறி அமெரிக்கா சென்றன. ஆகவே பல உறுப்புக்களுக்குப் பல்லாண்டு பஞ்சமில்லை. ஆனால் அச்சுக்கள் பழைய இரும்பாக விலைபோயின. அவற்றுட் சில அயர்லாந்தின் மேற்குக் கடலில் மீன் வளர்க்கும் வலைகளுக்கு நங்கூரமாக இறக்கப்பட்டன. அந்தக் காரின் வெளித்தகடுகள் துருப்பிடிக்காத எஃகால் ஆனவை! துருவை வென்ற வண்டியின் அச்சுக்கள் உப்பு நீரில் துருவேறிக் கிடந்தன.

எம்.ஜி.பி.யின் நிலை வேறாயிற்று. பழைய பிரிட்டிஷ் கார்களின் நினைவைப் பேண 1975-இல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்னும் நிறுவனம் தோன்றியிருந்தது. அதிற் பணியாற்றிய டேவிட் பிஷப் என்பாருக்கு, ஒட்டுத் தகடுகளை மட்டும் விற்பதைவிட எம்.ஜி.பி.யின் உடற்கூடு முழுவதையுமே மீண்டும் செய்தால் என்ன என்ற எண்ணம் உதித்தது. பலர் இதை நடவாத காரியம் என்று கருதியிருக்கக்கூடும். நானாயிருந்தாலும் அப்படியே கருதியிருப்பேன். அச்சுக்கள் ஆபிங்டனில் இருந்திருந்தால் அந்த ஆலையோடு அவையும் போயிருக்கலாம். ஆனால் தகட்டு வேலை வேறிடத்தில் நடந்ததல்லவா? பழுதுக்கான தகடுகளை அவ்வப்போது அடித்துத் தரவேண்டியிருந்ததும் அச்சுக்களுக்கு அரணாயிற்று. தேடத் தேடப் பழைய அச்சுக்களிற் பெரும்பாலானவை கிடைத்தன. கிடைக்காதவற்றைப் புதிதாகச் செய்தார்கள். ஃபாரிங்டன் என்னும் ஊரில், ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் நடந்த வேலை, சிலருடைய கைவேலையாக மீண்டும் தொடங்கியது. 1988-இல் முதற் கூடுகள் விற்பனைக்கு வந்தன. பின்னர் மிட்ஜெட், டிரையம்ஃப் டி.ஆர்.6 முதலிய வண்டிகளுக்கும் கூடுகள் செய்யப்பட்டன.

பழைய வண்டியின் எஞ்சின், சக்கரம், இருக்கை யாவற்றையும் கழற்றிப் புதிய கூட்டிற் பூட்டினால் அது பழைய வண்டியா, புதிய வண்டியா? தத்துவ நூலாருக்கு இது பொழுதுபோக்கு. பதிவு அலுவலகத்துக்கோ உண்மையான சிக்கல். பிரிட்டனில் பல ஆண்டுகள் இதற்குப் புள்ளிக் கணக்கு ஒன்று இருந்தது. பழைய பதிவெண்ணை வைத்துக்கொள்ள 8 புள்ளிகள் வேண்டும். மாற்றமில்லாத உடற்கூட்டுக்கு, அது பழையதாயினும் அதே வடிவிற் புதிதாயினும், 5 புள்ளி. ஸ்டீயரிங் போன்றவற்றுக்கு இரண்டிரண்டு. எஞ்சினுக்கு? ஒன்றே ஒன்று.

எஞ்சின் இவ்வளவு மலிவாக மதிக்கப்பட்டது நம்மில் பலருக்கு வியப்பளிக்கும். ஆனால் அதில் நியாயம் உண்டு. எம்.ஜி.பி.யின் 1798 கன சென்டிமீட்டர் எஞ்சின் 'பி' வரிசை எனப்பட்ட பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. எத்தனையோ சாதாரணக் குடும்ப வண்டிகளிலும் அவ்வரிசை எஞ்சின்களே ஓடின. அக்குடும்பத்தின் 1489 கன சென்டிமீட்டர் உறுப்பினர் 1955-இல் எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரை இழுத்தது. அதே 1489 எஞ்சின்தான் வங்காளத்து உத்தரபாராவில் செய்யப்பட்ட நம் அம்பாஸடரிலும் இருந்தது! இரண்டிலும், எம்.ஜி.பி.யிலுங்கூட, பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் 88.9 மில்லிமீட்டரே, அதாவது சரியாக மூன்றரை அங்குலம். சிலிண்டரின் அகலந்தான் வேறு. இங்கிலாந்தில் அவ்வெஞ்சின் மறைந்த பின்னரும் நம் நாட்டு வாடகைக் கார்களில் அது பல பத்தாண்டுகள் உழைத்தது. அம்பாஸடர் உற்பத்தி 2014-இல் நின்றது.

எம்.ஜி.பி.யின் கதையில் ஒரு கிளை எஞ்சியிருக்கிறது. புதிய உடற்கூடுகள் கிடைப்பதைக் கண்ட ரோவர் நிறுவனம், அவற்றை அடிப்படையாக வைத்து ஒரு முழுக் காரையே செய்ய முடிவு செய்தது. எட்டு சிலிண்டர் எஞ்சினும் அகன்ற பக்கத் தகடுகளும் பூட்டி, ஆர்.வி.8 என்னும் பெயரில் 1992-இல் அதைக் காட்சிக்கு வைத்தார்கள். காரிலிருந்து உதிரி உறுப்பு பிறப்பது உலக வழக்கு. இங்கே உதிரி உறுப்பிலிருந்து கார் பிறந்தது. 1993 முதல் 1995 வரை சுமார் 2,000 வண்டிகளே செய்யப்பட்டன. பெரும்பாலானவை ஜப்பானுக்குச் சென்றன. அவற்றிற் பல பிற்காலத்தில் இங்கிலாந்துக்கே திரும்பி வந்தன. எம்.ஜி.பி.யோடு பொதுவாயுள்ள உறுப்புக்கள் அவற்றுக்கு எளிதிற் கிடைக்கும். ஆர்.வி.8-க்கென்றே செய்யப்பட்டவற்றைத்தான் அதன் உடைமையாளர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.