ரிக்வுட் மைதானம்

விளையாட்டு மைதானத்தைப் பற்றி எழுதுகிறவர்கள், அது ஊரை ஒன்றுசேர்த்தது என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். ரிக்வுட் மைதானத்தின் சரித்திரத்தைப் படித்தபின் எனக்கு இந்த வாக்கியத்தில் நம்பிக்கை போய்விட்டது. எந்த ஊரை, எந்தெந்த நாட்களில் என்று கேட்கத் தோன்றுகிறது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் நிலக்கரியும் இரும்பும் உண்டாக்கிய நகரம் பர்மிங்ஹாம். அங்கே ரிக் வுட்வர்ட் என்ற இரும்பாலை முதலாளி கட்டிய இந்த பேஸ்பால் மைதானம் 1910 ஆகஸ்ட் 18இல் திறக்கப்பட்டது. அவருடைய பேரன்ஸ் அணி மைனர் லீகைச் சேர்ந்தது. அதாவது பெரிய லீகுகளுக்குக் கீழ்ப்படி. அதில் வெள்ளையர்கள் மட்டுமே ஆடினார்கள். 1920இல் கறுப்பர்களின் பிளாக் பேரன்ஸ் தோன்றியது. பேரன்ஸ் வெளியூர் போயிருக்கும் நாட்களில் அவர்கள் இந்த மைதானத்தை வாடகைக்கு எடுத்து ஆடினார்கள். வெள்ளையர் ஆட்டத்தில் கறுப்பர்களுக்கு வலதுகோடியில் தனி இருக்கைகள். கறுப்பர் ஆட்டத்தில் வெள்ளையருக்குத் தனி இடம். புல் ஒன்றுதான், நாட்கள் வேறு. பொது இடம் என்பதன் அர்த்தம் அங்கே இதுதான்: முறை வைத்துக்கொள்வது.

அந்த ஏற்பாட்டுக்குள்ளும் பெரிய ஆட்டம் நடந்தது என்பதை மறைக்கக் கூடாது. 1948இல் பிளாக் பேரன்ஸில் ஆடிய வில்லி மேஸுக்கு வயது 17. பள்ளி மாணவன், தகப்பனார் ஆலையில் வேலை செய்தவர், ஆலை அணியில் ஆடியவர். அந்த வருஷம் அவர்கள் நீக்ரோ அமெரிக்கன் லீகை ஜெயித்தார்கள். ஆனால் 1950இல் நகரம் போட்ட சட்டப்படி, கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து பேஸ்பால் மட்டுமல்ல, சீட்டோ தாயக்கட்டையோ ஆடினாலும் குற்றம்.

இந்த மைதானம் ஒரு குரலையும் வளர்த்தது. புல் கானர் பேரன்ஸ் ஆட்டங்களை ரேடியோவில் வர்ணித்தவர். வெளியூர் ஆட்டங்களைத் தந்திச் செய்தியை வைத்துக்கொண்டு, கண்ணால் கண்டவர்போலச் சொல்வார். அந்தப் பிரபல்யத்தில்தான் அரசியலுக்கு வந்தார். 1963 மே மாதம், நகரப் பாதுகாப்புக் கமிஷனராக, ஊர்வலம் போன குழந்தைகள்மேல் தண்ணீர்க்குழாயையும் நாய்களையும் ஏவியவர் அவரே. பாமர ரசிகன் வீட்டில் கேட்டுப் பழகிய குரல் அது. ஆட்டத்தின் ருசி மனுஷனைப் பண்படுத்தும் என்று நினைப்பவர்களுக்கு இது சங்கடமான உதாரணம்.

1962, 1963இல் ரிக்வுட்டில் மைனர் லீக் அணியே இல்லை. பேரன்ஸ் இருந்த லீக் 1961இல் கலைந்திருந்தது. நகரமோ, பூங்காக்களைக் கறுப்பர்களுக்கும் திறந்துவிடச் சொன்ன நீதிமன்ற உத்தரவுக்குப் பணிவதைவிட அவற்றை மூடுவதே மேல் என்று மூடிவிட்டது. 1964இல்தான் இரு இனத்தவரும் கலந்த அணி அங்கே ஆடியது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் அதே நகரத்தில் தேவாலயக் குண்டுவெடிப்பில் நான்கு சிறுமிகள் இறந்திருந்தார்கள்.

1987க்குப் பின் பேரன்ஸ் புறநகர் போயிற்று. 1992இல் ஊர்க்காரர்கள் ஒரு சங்கம் சேர்த்துப் பழைய மைதானத்தைக் காப்பாற்றத் தொடங்கினார்கள். 2024 ஜூன் 20இல் பெரிய லீக் ஆட்டமே அங்கே நடந்தது. இரண்டு நாள் முன்னால்தான் வில்லி மேஸ் காலமாகியிருந்தார். விழாவுக்கு வேண்டிய உருக்கம் எல்லாம் இருந்தது. அந்த மாலை டெலிவிஷனில் ரெஜி ஜாக்ஸன், 1967இல் தான் அந்த ஊரில் ஆடியபோது ஹோட்டல்களிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் தன்னை உள்ளே விடாததைச் சொன்னார். திரும்பி வந்தது சுலபமில்லை என்றார்.

அந்த இடத்தைப் பற்றி அன்று பேசப்பட்டதில் மைதானத்துக்கு நியாயம் செய்தது அந்தப் பேச்சுதான் என்று நினைக்கிறேன்.