செத்த கடனுக்கு உயிர் கொடுத்த கைநாட்டு

1859ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் கடன் பத்திரத்தின் ஆயுளை மூன்றாண்டாகக் குறைத்தது. வட்டி குட்டி போடுவதைத் தடுப்பதே நோக்கம். தக்காணத்தின் வட்டிக்காரர்களோ அதையே ஆயுதமாக்கினர். மூன்றாண்டுக்கு ஒருமுறை, கட்டாத வட்டியையும் அசலாக்கிப் புதுப் பத்திரம் எழுதி, எழுத்தறியாத குடியானவரிடம் கைநாட்டு வாங்கினர். 1875 மே 12 அன்று பூனா மாவட்டத்துச் சூபாவில் மக்கள் எழுந்தனர். பத்திரங்களையும் கணக்கேடுகளையும் பறித்து எரித்தனர். தங்களைக் கட்டிப்போட்டது எது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 25 இன்றும் நடப்பில் இருக்கிறது. காலாவதியான கடனைத் தருவதாக எழுதிக் கையொப்பமிட்டால் அது மீண்டும் செல்லும். ஆனால் கொத்தடிமைக் கடன் வேறு. அதை 1976ஆம் ஆண்டின் சட்டம் அடியோடு ஒழித்தது, வசூலிப்பதே குற்றம். ஆகவே ‘சும்மா ஒரு கையெழுத்து’ என்று நம் மக்களிடம் தாளை நீட்டினால், எந்தக் கடன், எந்த ஆண்டு என்று நாம் முதலில் கேட்போம்.