கரப்பந்தாட்டமும் நம் பெண்பிள்ளைகளின் உடலும்

கண்டியிலிருந்து கலஹா வழியாகத் தெல்தோட்டைக்கு ஏறும்போது பாதையோரத்தில் சமதரை காண்பது அரிது. கிரிக்கெட்டுக்கு வேண்டிய மைதானம் அங்கே எங்கே கிடைக்கும்? பதினெட்டு மீற்றர் நீளமும் ஒன்பது மீற்றர் அகலமும் உள்ள ஒரு துண்டு நிலத்தைத்தான் மலையில் வெட்டிச் சமப்படுத்த முடியும். கரப்பந்தாட்டத்துக்கு அது போதும். இரு கம்பங்கள், ஒரு வலை, ஒரு பந்து இருந்தால் பன்னிருவர் விளையாடலாம்.

இந்த விளையாட்டு 1895இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகர வை.எம்.சி.ஏ.யில் பிறந்தது. கூடைப்பந்தின் ஓட்டமும் மோதலும் நடுவயதினருக்குக் கடினம் என்று எண்ணிய வில்லியம் மோர்கன், இரு அணிகளுக்கும் நடுவே வலையைக் கட்டினார். 1916இல் வை.எம்.சி.ஏ.யின் உடற்கல்விப் பணிப்பாளர் வோல்டர் கெமக் அதை இலங்கைக்குக் கொண்டுவந்தார். 1991இல் அது நமது தேசிய விளையாட்டாயிற்று.

மென்மையான பொழுதுபோக்காகத் தொடங்கியதைக் கடும்பயிற்சிக்குரிய ஆட்டமாக உலகுக்குக் காட்டியவர்கள் பெண்கள். பெண்கள் கரப்பந்தாட்டம் முதன்முதல் ஒலிம்பிக்கில் இடம்பெற்ற 1964இல், டோக்கியோவில் ஜப்பான் தங்கம் வென்றது. அவ்வணியின் பெரும்பாலானோர் ஒரு நெசவாலையில் வேலை செய்தவர்கள். பகலில் வேலை, அதன்பின் நள்ளிரவு வரை ஹிரொபூமி தைமத்சுவின் பயிற்சி. விழுந்து உருண்டு பந்தை எடுத்து, மறுகணமே எழுந்து நிற்கும் முறையை அவர்கள் பழகினர். உழைக்கும் பெண்ணின் உடல் எதையும் எட்டும் என்பதற்கு அவ்வெற்றி சான்று. ஆனால் ஓய்வற்ற அந்த முறையை வளரும் பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்துவது தவறு.

ஏன்? ஒரு பெண்ணின் எலும்புத் திண்மையில் ஏறத்தாழக் காற்பங்கு, பருவமடையும் காலத்தை ஒட்டிய இரண்டு ஆண்டுகளில் சேர்கிறது. அந்த வயதில் பாய்ந்து விளையாடும் பிள்ளையின் எலும்பு, முதுமைக்கும் சேர்த்து வலுப்பெறுகிறது. தொடைத்தசையும் இதயமும் பலப்படுகின்றன. மறுபுறம், அளவுக்கு மீறிய பாய்ச்சல் முழங்காலுக்குக் கீழுள்ள தசைநாணை நோகச் செய்யும். வலையடியில் மற்றவரின் பாதத்தின் மேல் இறங்கினால் கணுக்கால் சுளுக்கும். முழங்காலை உள்நோக்கி வளைத்து இறங்கும் பெண்களுக்கு மூட்டுக் காயம் ஆண்களைவிட அதிகம். முழங்காலை மடித்து மெதுவாக இறங்கப் பழக்கினால் அதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். அறைவதைக் கற்பிக்குமுன் இறங்குவதைக் கற்பிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை உணவு. நாள்தோறும் மேடேறிப் பாடசாலைக்கு நடந்த தோட்டப் பிள்ளைக்குக் கால்வலுவும் மூச்சும் இயல்பாகவே அமைந்திருந்தன. ஆனால் 1973, 74 ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடு லயன்களை எவ்வளவு வாட்டியது என்பதை நம்மில் மூத்தோர் அறிவர். குருதிச்சோகை உள்ள பிள்ளைக்கு ஓடும்போது தசைக்கு வேண்டிய ஒட்சிசன் போதாது. அவள் சோம்பேறி என்று ஏச்சு வாங்குவாள். உண்பதைவிட அதிகமாக உடலைச் செலவழிக்கும் பெண்ணுக்கு மாதவிடாய் நின்றுவிடலாம், எலும்பும் நலியலாம். பயிற்சி அவளுக்கு ஆக்கம் தராது, இருப்பதையும் கரைத்துவிடும்.

இன்னோர் இழப்பும் உண்டு. எலும்புக்குப் பயிற்சி மிகவும் பயன்படும் அந்தப் பருவத்தில்தான், “பெரியபிள்ளையாகிவிட்டாள்” என்று பல வீடுகளில் பிள்ளையை மைதானத்திலிருந்து நிறுத்தினார்கள். இன்று தாயாராகவும் பாட்டியாராகவும் இருக்கும் நாம் அந்தத் தவறைத் திரும்பச் செய்யக்கூடாது.

உலகின் பல மூலைகளிலிருந்தும் இம்மலரை வாசிக்கும் சகோதரிகள், தாய்க்கல்லூரிக்கு என்ன செய்யலாம் என்று கேட்பதுண்டு. கிண்ணங்களும் பதாகைகளும் நல்லவையே. அவற்றுக்கு முன், பயிற்சி நாளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு முட்டையும் ஒரு பிடி கடலையும், காலுக்கு அளவான சப்பாத்தும், வாரத்தில் ஓரிரு நாள் ஓய்வும் கிடைக்க வழிசெய்வோம். நூறாண்டு கண்ட சங்கம் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க, வலுவான உடலைவிடச் சிறந்த சீர்வரிசை வேறில்லை.