உள்ளிருந்து தெரியும், வெளியிலிருந்து தெரியாது

இருபதாம் நூற்றாண்டு பிறந்த சமயத்தில், ஐரோப்பாவில் பட்டுப்போல் மெத்தென்ற தோல் வேண்டுமானால் நாயின் மலம் வேண்டும். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி, மயிர் உதிர்ந்து, விறைத்துக் கிடக்கும் தோலை, வெதுவெதுப்பான நீரில் கரைத்த நாய் மலத்திலோ புறா எச்சத்திலோ போட்டு வைப்பார்கள். கையுறைக்கு ஏற்ற குழைவு அதில்தான் வந்தது. ஏன் வருகிறது என்று யாருக்கும் விளங்கவில்லை. தெருத்தெருவாகப் போய் அள்ளிவந்து விற்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். இந்த நாற்றத்தை ஒழிக்கிறேன் என்று ஜெர்மனியில் ஓர் இளைஞர் கிளம்பினார். அவர் பையில் யாருக்கும் பயன்படாத ஓர் ஆராய்ச்சியும் இருந்தது.

அவர் பெயர் ஓட்டோ ரோம். 1901-இல் டியூபிங்கன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அக்ரிலிக் அமிலத்திலிருந்து கிடைக்கும் பிசுபிசுப்பான, ரப்பர் போன்ற பொருள்களைப் பற்றியது ஆய்வு. பட்டம் கிடைத்தது, அந்தப் பொருளுக்கு வேலை கிடைக்கவில்லை. ஸ்டுட்கார்ட் நகர எரிவாயு ஆலையில் வேதியியலாளராகச் சேர்ந்தார். அங்கே ஒதுக்கப்படும் கழிவுநீரின் வாடை, தோல் தொட்டிகளின் வாடையை நினைவூட்டியது. அப்படியானால் வேலையும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? அந்த நம்பிக்கையில் ஒரு கலவை தயாரித்து விற்றார். அது தோற்றது. தோல் எதிர்பார்த்தபடி குழையவில்லை.

விட்டுவிடாமல் மலத்தையே ஆராய்ந்தார் ரோம். தோலைப் பதமாக்குவது அதிலுள்ள செரிமான நொதிகள் என்று பிடிபட்டது. நொதிதான் வேண்டுமென்றால் இறைச்சிக் கூடத்தில் வெட்டிப்போட்ட விலங்குகளின் கணையத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாமே! 1907-இல் நண்பர் ஓட்டோ ஹாஸுடன் சேர்ந்து எஸ்லிங்கனில் நிறுவனம் தொடங்கி, 'ஒரோபோன்' என்ற பெயரில் அதை விற்றார். பதனிடுவோர் வரவேற்றார்கள், பணம் வந்தது. நிறுவனம் டார்ம்ஸ்டாட் நகருக்கு இடம்பெயர்ந்து வளர்ந்தது. வசதி வந்த மனிதருக்கு, இளமையில் கைவிட்ட அந்தப் பிசுபிசுப்பு மறுபடி நினைவுக்கு வந்தது.

அது கார்கள் பெருகிய காலம். விபத்தில் முன்கண்ணாடி நொறுங்கி முகத்தைக் கிழித்தது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே அக்ரிலிக் படலத்தை ஒட்டினால், உடைந்தாலும் சில்லுகள் சிதறாது. ரோமின் குழு 1928-இல் இப்படி ஒரு பாதுகாப்புக் கண்ணாடியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்னும் நல்ல பசை தேடிய வால்டர் பவர் என்ற வேதியியலாளரும் சகாக்களும் மெதில் மெதாக்ரிலேட் என்ற திரவத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சன்னலோரம் மறந்துபோய் வைத்த ஒரு பாட்டிலில், வெயில் பட்டு அந்தத் திரவம் இறுகி, கண்ணாடியே வெடித்துவிட்டதாக ஒரு கதை அந்த நிறுவனத்தில் சொல்லப்படுகிறது. இரு கண்ணாடித் தட்டுகளுக்கிடையே அதை ஊற்றி இறுகவிட்டார்கள். பசையாகும் என்று பார்த்தால், ஒட்டவே இல்லை. ஆறியதும் கண்ணாடிகள் இரண்டும் தனித்தனியே கழன்றன. சோதனை தோல்வி. ஆனால் நடுவில் எஞ்சிய தகட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தவர்கள் அசந்துபோனார்கள்.

கண்ணாடியைவிடத் தெளிவு, எடையோ பாதி. சூடு காட்டினால் வளைந்தது, ஆறினால் வளைந்தபடியே நின்றது. 1933-இல் 'பிளெக்ஸிகிளாஸ்' என்று பெயர் பதிவானது. பிரிட்டனில் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் ரோலண்ட் ஹில், ஜான் க்ராஃபோர்ட் ஆகியோரின் உழைப்பில் அதே பொருள் 'பெர்ஸ்பெக்ஸ்' ஆயிற்று. போர் நெருங்க, விமானப் படைகள் இதை அள்ளிக்கொண்டன. விமானியின் தலைக்குமேல் கவிழும் கூடு முழுவதும் ஒளி புகும் ஒரே குமிழாக வார்க்கப்பட்டது. அச்சின் சொரசொரப்பு தகட்டில் பதியாமலிருக்க, அச்சின்மேல் மென்துணி போர்த்தி அதன்மேல் இளகிய தகட்டைப் படியவிட்டார்கள். அந்தத் துணி உத்தி பின்னொரு நாள் வீட்டுக் கொல்லைப்புறங்களில் பிழைத்துக்கொள்ளும். அதற்குமுன் 1940 ஆகஸ்டில், கார்டன் கிளீவர் என்ற விமானியின் ஹரிகேன் விமானத்தைக் குண்டுகள் துளைத்தன.

கூட்டின் சில்லுகள் அவருடைய இரு கண்களிலும் பாய்ந்தன. இதுபோன்ற விமானிகளைப் பார்த்த கண் மருத்துவர் ஹரால்ட் ரிட்லி ஒன்றைக் கவனித்தார். வேற்றுப் பொருள் புகுந்தால் கண் வீங்கிச் சீழ்பிடிக்கலாம். இந்த பிளாஸ்டிக்கைக் கண் பேசாமல் ஏற்றுக்கொண்டது. 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், புரை விழுந்த கண்ணுக்குள் இதே பொருளில் செய்த வில்லையைப் பொருத்தினார். சக மருத்துவர்கள் பல ஆண்டுகள் அவரை எதிர்த்தார்கள். மதுரையில் 1992-இல் தொடங்கிய ஆரோலேப், அத்தகைய வில்லைகளை ஏழைக்கும் எட்டும் விலையில் செய்துகாட்டியது. மனித குலத்துக்கு இதைவிடப் பெரிய உபகாரத்தை எந்த விமானக் கூடும் செய்ததில்லை. ஆனால் கிளீவரின் கண்ணில் பாய்ந்த சில்லுகள் இன்னொன்றையும் சொல்லின: இந்தப் பொருள் உடையும், உடைந்தால் கத்தியாகும். முகத்துக்கு வெகு அருகில் வைக்க இதைவிட முரட்டுப் பொருள் ஒன்று வேண்டும். அதை அப்போது யாரும் தேடவில்லை.

1953. அமெரிக்காவின் பிட்ஸ்ஃபீல்டில், ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் டேனியல் ஃபாக்ஸ் மின்கம்பிகளுக்கு மேல்பூச்சு தேடிக்கொண்டிருந்தார். ஈரம் பட்டால் பூச்சு சிதைந்துபோவதுதான் தொல்லை. படிக்கும் காலத்தில் கையாண்ட ஒரு கார்பனேட் சேர்மம் தண்ணீருக்கு எளிதில் அசைந்துகொடுக்காதது அவருக்கு நினைவு வந்தது. அந்த வழியில் ஒரு கலவையைக் காய்ச்சினார். குடுவையில் அது கெட்டியாகிக்கொண்டே போய், கலக்கும் தண்டு சுழல முடியாமல் நின்றது. குடுவையை உடைத்துத்தான் எடுக்க முடிந்தது. தண்டின் நுனியில் ஒரு பெரிய கட்டி. சுத்தியலால் அடித்தார்கள், உடையவில்லை. தரையில் மோதினார்கள், உடையவில்லை. கடைசியில் அந்தக் கட்டியையே சுத்தியலாக்கி ஆணி அடித்துப் பார்த்தார்கள். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. மேல்பூச்சு கேட்ட ஆய்வகம் கையில் ஒரு சம்மட்டியை வைத்துக்கொண்டு விழித்தது.

காப்புரிமை கோரப் போனபோது அதிர்ச்சி. அட்லாண்டிக்குக்கு அப்பால், ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல் ஒரு வாரம் முந்திக்கொண்டு அதே பொருளைச் செய்திருந்தார். யாருக்கு உரிமை கிடைத்தாலும் மற்றவருக்கு உரிமம் தருவது என்று இரு தரப்பும் முன்கூட்டியே பேசிக்கொண்டன. உரிமை பேயருக்குப் போனது. இருவருக்கும் முன்பே, 1898-இல் ஆல்ஃபிரட் ஐன்ஹார்ன் இவ்வகைக் கார்பனேட் சங்கிலிகளைத் தொட்டிருந்தார். எதிலும் கரையாத அந்தப் பிடிவாதத்தைப் பார்த்து ஒதுக்கிவிட்டு, பின்னால் பல் மருத்துவர்களின் மரப்பு ஊசியான நோவோகெய்னைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்றார். பாலிகார்பனேட் 1958-இல் 'மக்ரோலான்' என்று ஜெர்மனியிலும், 1960-இல் 'லெக்சான்' என்று அமெரிக்காவிலும் ஆலைகளிலிருந்து வந்தது. அடித்தாலும் உடையாத தெளிவு கிடைத்தாயிற்று. முகத்துக்கு முன்னால் வந்ததும் வேறொரு எதிரி முளைத்தது.

1966 ஜூன் 5. ஜெமினி-9 கலத்திலிருந்து வெளியேறி விண்வெளியில் மிதந்த யூஜீன் செர்னன், பிடிமானம் கிடைக்காமல் போராடி மூச்சிரைத்தார். மூச்சின் ஈரம் தலைக்கவசத்தின் முன்மறைப்பில் படிந்தது. எதிரே பூமி முழுதும் விரிந்து கிடக்க, அவருக்கு வெண்புகைதான் தெரிந்தது. மூக்கு நுனியால் தேய்த்துத் தேய்த்துச் சின்ன ஓட்டை ஒன்று போட்டு, அதன் வழியே பார்த்துக் கலத்துக்குத் திரும்பினார். அடுத்த பயணங்களில் உட்புறம் பனிக்காத பூச்சைத் தடவிக்கொண்டு கிளம்பினார்கள். 1968-இல் பந்தய வீரர் டான் கர்னி, முகம் முழுவதையும் மூடும் தலைக்கவசத்தைக் கார்ப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தார். அவர் உயரமானவர், காரைவிட்டு மேலே நீளும் தலையில் கல்லும் மண்ணும் வந்து அடித்தன. மறுவருடம் ஜூலையில், நிலவில் ஆர்ம்ஸ்ட்ராங் எடுத்த ஒரு படம் உலகெங்கும் அச்சானது.

படத்தில் ஆல்ட்ரின் நிற்கிறார். முகம் இல்லை. அந்த இடத்தில் பொன்னிறக் குமிழ். அதற்குள் நிலவும், படமெடுப்பவரும். பாலிகார்பனேட் குமிழ்க் கவசத்துக்கு வெளியே, சூரிய வெம்மையைத் திருப்பியடிக்க மெல்லிய தங்கம் பூசிய திரை அது. அதன் பிறகு முகம் தெரியாத தலைக்கவசம் என்றாலே ஒரு தனிக் கம்பீரம் வந்துவிட்டது. திரைப்படக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1976-இல் லண்டனின் ட்விக்கன்ஹாம் பகுதியில் ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த் தம் பட்டறையில் 'ஸ்டார் வார்ஸ்' படையினரின் வெள்ளைக் கவசங்களை வார்த்தார். சூடேற்றிய பிளாஸ்டிக்கை அச்சின்மேல் கவிழ்த்து, அடியிலிருந்து காற்றை உறிஞ்சினால், அது அச்சைக் கவ்விக்கொள்ளும். கண்ணுக்குப் பச்சை வில்லை. உள்ளே இருந்தவருக்குப் பாதை சரியாகத் தெரியவில்லை. ஒருவர் கதவில் தலையை இடித்துக்கொள்ளும் காட்சி படத்திலேயே இருக்கிறது. ரசிகர்களுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. அவர்களுக்கு அந்தக் கவசம் வேண்டும், அதுவும் தங்கள் கையால் செய்ததாக.

1997-இல் தென் கரோலினாவில் தொடங்கிய '501ஆவது லீஜியன்' போன்ற ரசிகர் படைகள் உலகெங்கும் பரவின. கவசத்தின் மற்ற பகுதிகளை அட்டையிலும் நுரைப்பலகையிலும் செய்துவிடலாம். முகத்துக்கு முன்னால் வரும் வளைவுதான் எல்லோரையும் மடக்கியது. வெட்டும்போதே அக்ரிலிக் விரிசல் விட்டது. பாலிகார்பனேட் காற்றின் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். மணிக்கணக்கில் உலர்த்தாமல் சூடேற்றினால் தகடெங்கும் கொப்புளம். உடையாததும் வேண்டும், சமையலறை ஓவனுக்கு அடங்குவதாகவும் இருக்க வேண்டும். விடை வந்தது துணிக்கடையிலிருந்து.

1941-இல் இங்கிலாந்தில், துணியில் பூப்போட்டு அச்சிடும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த ஜான் வின்ஃபீல்டும் ஜேம்ஸ் டிக்சனும் நைலானுக்குப் போட்டியாக ஒரு நூலைத் தேடி பாலியெஸ்டரைக் கண்டார்கள். டெரிலின் சட்டையாக அது நம் ஊர் வரை வந்தது. பிறகு தண்ணீர் பாட்டிலும் ஆனது. தகடாக்கிச் சூடேற்றினால் மட்டும் பால்போல் வெளுத்துப்போகும். உள்ளே சங்கிலிகள் வரிசைகட்டிப் படிகமாவதுதான் காரணம். அமெரிக்காவின் ஈஸ்ட்மன் நிறுவனத்தார், அந்த வரிசையைக் கலைக்கும் பருமனான மூலக்கூறு ஒன்றை நடுநடுவே நுழைத்தார்கள். பி.இ.டி.ஜி. என்ற அந்தத் தகடு சூட்டிலும் தெளிவு கெடாமல் இளகியது, எளிதில் உடையவும் இல்லை. பொட்டலத் தொழிலுக்கென்று வந்த பொருள் அது. அதை எடுத்து ஓவனில் வைத்தவர்கள் கவசப் பித்தர்கள்.

மரச்சட்டத்தில் கவ்விய தகடு சூட்டில் நடுவே தொங்கத் தொடங்கியதும் வெளியே எடுத்து, துளைகளிட்ட ஒரு பெட்டியின்மேல் வைத்த அச்சில் கவிழ்ப்பார்கள். பெட்டியோடு இணைத்த வேக்குவம் கிளீனர் காற்றை இழுக்க, சில நொடிகளில் வளைவு உருவாகிவிடும். அச்சில் ஒரு கீறல் இருந்தாலும் தகட்டில் பதிந்து பார்வையைக் கெடுக்கும் என்பதால், அச்சை வழவழவெனத் தேய்க்கிறார்கள். சிலர், விமானக் கூடு செய்தவர்களைப்போல் அதன்மேல் துணியைப் போர்த்துகிறார்கள். இப்படித்தான் பிறக்கிறது, வேடக்காரரின் ஹெல்மெட்டில் மாட்டும் வைசர். ஆனால் முகம் அப்பட்டமாகத் தெரிகிறதே?

பாலியெஸ்டர் சட்டைக்குப் போடும் சாயத்தை வாங்கிவந்து, வெந்நீரில் கரைத்து, வைசரை அதில் ஊறவைக்கிறார்கள். ஒரே குடும்பம் அல்லவா, சாயம் உள்ளே இறங்கிவிடும். நேரம் ஏற ஏறப் புகைநிறம் அடர்த்தியாகும். வெளிச்சத்தில் நிற்கும் கூட்டத்துக்குக் கவசத்தின் இருண்ட உட்புறம் தெரியாது. உள்ளிருப்பவருக்குக் கூட்டம் நன்றாகத் தெரியும். கவனிக்க வேண்டியது சூடு ஒன்றைத்தான். ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸில் இந்தத் தகடு இளகத் தொடங்கும். தண்ணீர் கொதித்துவிட்டால், பாடுபட்டுக் கொண்டுவந்த வளைவு பாத்திரத்துக்குள்ளேயே நெளிந்து போய்விடும். சாயம் ஏறிய பிறகு உட்புறம் பனிக்காத பூச்சு. காதோரம் கணினியிலிருந்து கழற்றிய சின்ன விசிறி ஒன்று. செர்னனைப்போல் மூக்கால் தேய்க்க வேண்டியதில்லை.